ஒன்பது அங்குலச் சிவப்பு

தமயந்தி புத்தகத்தைத் திறக்கவில்லை. முதலில் மோந்து பார்த்தாள்.

மண்ணெண்ணெய், கற்பூரம், கொஞ்சம் எலி. பூஞ்சை வாடை இல்லை. இருந்திருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பாள். இல்லாததால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எல்லாரும் புஸ்தகத்த பிரிச்சிப் பாப்பாங்க. நீங்க கொழம்பு மாரி மோந்து பாக்கறீங்க,” என்றார் அதைக் கொண்டுவந்த பாவாடை.

“கெட்டுப் போயிருந்தா வாசத்துலயே தெரிஞ்சிடுங்க.”

“கெட்டிருக்கா?”

“இல்ல. தச்ச ஆளுதான் சரியில்ல.”

பாவாடைக்கு அறுபது தாண்டியிருக்கும். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். அவரை பைக்கில் கூட்டிவந்தவன் சுதாகர், அவருடைய தம்பி மகன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வாசல் தூணில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் தமயந்தியின் பைண்டிங் கடை. கணவர் ராஜ்மோகன் சுரங்கத்தில் பர்மனென்ட். அவள் கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஒரு நோட்டுக் கம்பெனியில் ஏழு வருஷம் தைத்தவள். இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. காலேஜ் பிராஜெக்ட், பள்ளி லைப்ரரிப் புத்தகம், ஆபீஸ் ரிஜிஸ்டர், எது வந்தாலும் வாங்கிக்கொள்வாள். முடியாது என்று அவள் சொன்னது இரண்டு தடவை. இரண்டும் கரையான் தின்றவை.

இது நீளமான கணக்கு நோட்டு அளவு. உள்ளே கணக்கு இல்லை. பெயர்கள்தான். பக்கத்துக்கு நாலு, ஐந்து. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. பேனா, பென்சில், சில இடத்தில் ரேகை.

“எங்க ஊரு வூடுங்க,” என்றார் பாவாடை. “அவங்கவங்க வூட்டுப் பேர அவங்கவங்க கையாலதான் எழுதணும். வைகாசியில அம்மனுக்குக் காப்புக் கட்டறப்ப சன்னதியில புஸ்தகத்த தொறந்து வச்சி ஒண்ணொண்ணா நான் கூப்புடுவன். அந்த வூட்டு ஆளு வருவான். இந்தக் கையால துன்னூறு, இந்தக் கையால மஞ்ச நூலு. ரெண்டு கையும் ஆச்சா? புஸ்தகத்த எந்தக் கையால புடிக்கறது?”

“ஆள வச்சுப் புடிக்கலாமே.”

“போன வருசம் இவன்தான் புடிச்சிகினு நின்னான். எட்டாவது பேருக்கே போன் வந்துட்ச்சி.”

“ஷிப்ட் இன்சார்ஜ் கூப்டாரு, பெரிப்பா,” என்றான் சுதாகர், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

தமயந்தி புத்தகத்தை நடுவில் விரித்து மேசையில் வைத்துக் கையை எடுத்தாள். புத்தகம் பட்டென்று மூடிக்கொண்டது. எலிப்பொறி மாதிரி. யாரோ எல்லாத் தாளையும் அடுக்கி, முதுகிலிருந்து அரை அங்குலம் தள்ளி, கோணி ஊசியால் மேலிருந்து கீழாகக் குத்தித் தைத்திருந்தார்கள். அப்படித் தைத்தால் சாகிறவரை விரியாது.

“எத்தன நாளுல வேணும்?”

“அடுத்த வெள்ளிக்கிழம சாயந்தரம் காப்பு. காலைல ஏழு மணிக்கு வந்து எட்த்துக்கறன்.”

சுதாகர் இப்போது உள்ளே வந்தான். “அக்கா, நான் உண்மைய சொல்லிடறன். எல்லாப் பேரையும் எக்ஸெல்ல அடிச்சிட்டன். அகர வரிசை. நூத்தி அறுபத்தொம்போது வூடு. பிரிண்டு எடுத்து ஸ்பைரல் போட்டா முடிஞ்சிது. ஊர்க் கூட்டத்துல என்னா முடிவுன்னா, வெள்ளிக்கிழம காலைல இந்தப் புஸ்தகம் சரியா தொறந்து, துணி போட்டு வந்தா புஸ்தகம். வரலன்னா லிஸ்ட்டு. அப்பறம் எப்பவும் லிஸ்ட்டுதான்.”

“சொரங்கத்துக்கு நெலம் போயி, கடலூரு, விருத்தாசலம்னு போயிட்டவங்க பேரும் இதுல இருக்குது,” என்றார் பாவாடை. “அவங்கப்பன் எழுதன எழுத்த நான் படிக்கறப்ப வந்து நூலு வாங்கிகினு போவான். கம்ப்யூட்டரு எழுத்துக்கு அவன் ஏன் பஸ் ஏறி வரணும்?”

சுதாகர் மறுபடி போனைப் பார்த்தான். இது அவர்கள் வழி நெடுகப் பேசி முடித்த சண்டை என்று தெரிந்தது.

பாவாடை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மஞ்சள் துணி. குறிஞ்சிப்பாடியில் நெய்த மெல்லிய பருத்தி, மஞ்சளில் நனைத்துக் காயவைத்தது.

“இதத்தான் மேல போடணும். வருசத்துக்கு ஒரே அண்டா மஞ்சத் தண்ணி. கொடி, காப்பு நூலு, துணி மாத்தற வருசத்துல புஸ்தகத் துணி, எல்லாம் அதுலதான் நனைப்போம். நனைச்சிட்டு அண்டாவ கவுத்துடுவோம். இது வீணாப் போனா வேற துணி கெடையாது.”

“வீணாப் போகாது,” என்றாள் தமயந்தி. “வெள்ளிக்கிழம காலைல ஏழு மணி. வந்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவள் தையலைப் பிரித்தாள்.

பழைய நூலை ஒவ்வொரு முடிச்சாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம். பிரித்துத் தாளை விரித்தபோது, தையலுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்த அந்த அரை அங்குலத்தில் எழுத்து இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது, தம்பிக்காரன் தன் பெயரை அண்ணன் பெயருக்கு முன்னால் ஓரத்தில் எழுதியிருக்கிறான். பிறகு யாரோ அதன் மேலேயே குத்தித் தைத்துவிட்டார்கள். நாலு பக்கத்தில் நாலு பெயர். அவள் போட்டோ எடுத்து சுதாகருக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

“அக்கா, இதுல ஒண்ணு கொளஞ்சி வூடாச்சே. பேரு கூப்புட மாட்டறீங்கன்னு பத்து வருசமா அவங்க கோயிலுக்கே வர்றதில்ல. நாங்க பேரே இல்லன்னு சொல்லிகினு இருந்தோம்.”

“இருக்கு.”

“லிஸ்ட்டுல சேத்துடறன். நூத்தி எழுவத்து மூணு.”

“சேத்துக்குங்க,” என்றாள். “நானும் சேத்துட்டுதான் தைக்கிறேன்.”

குத்தித் தைத்தது விரியாது. தாளின் மடிப்பில் தைத்தால்தான் விரியும். இங்கே மடிப்பே இல்லை. எல்லாம் ஒற்றைத் தாள், ஓரம் கிழிந்தது. அதற்கு ஒரே வழி, இரண்டிரண்டு தாளாக மெல்லிய டிஷ்யூக் காகிதப் பட்டை வைத்து ஒட்டி மடிப்பை உண்டாக்குவது. அப்படிச் செய்யும்போது இன்னொரு தொல்லை. ஒட்டிய இடமெல்லாம் முதுகுப் பக்கம் சேர்ந்து புத்தகம் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் வீங்கும். அதனால் பட்டையைக் கால் அங்குலத்துக்குக் குறைத்தாள். நூலைப் பிரித்து இழையைக் குறைத்தாள். மெழுகில் ஒரு தடவை இழுத்தாள். திங்கள் முழுக்க ஒட்டினாள். செவ்வாய் முழுக்கத் தைத்தாள். சாயந்தரம் முதுகை விரலால் தடவிப் பார்த்தாள். முன்பக்கமும் முதுகும் ஒரே கனம்.

புதன்கிழமை அட்டை. அட்டை எந்தப் பக்கம் எளிதாக வளைகிறது என்று வளைத்துப் பார்த்து, அந்த வளைவு முதுகுக்கு இணையாக இருக்கும்படி வெட்டினாள். மாற்றி வெட்டினால் நெய்வேலி வெயிலுக்கு மூன்றே நாளில் அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். இதைச் சிவகாசியில் தெரிந்துகொள்ள அவளுக்கு இருநூறு டைரி வீணாயிற்று. அவளுடைய இருநூறு அல்ல, கம்பெனியின் இருநூறு. ஆனாலும் மறக்கவில்லை.

பிறகு துணி. அவள் பயந்தது இதற்குத்தான். மெல்லிய துணியில் பசை பூசினால் மறுபக்கம் ஊறி, எண்ணெய் பட்ட மாதிரி கறுக்கும். அதனால் துணியில் பூசவில்லை. ஒரு மெல்லிய தாளில் மைதாப் பசையைப் பூசி, பளபளப்பு அடங்கும்வரை காத்திருந்து, உலர்ந்த துணியை அதன் மேல் விரித்துத் தடவினாள். துணிக்கு முதுகுத்தாள் கிடைத்தாயிற்று. இனிமேல் எவ்வளவு பசை பூசினாலும் தாள்தான் குடிக்கும்.

மஞ்சளை அவள் மறக்கவில்லை. பூச்சிக்கு வழக்கமாகப் பசையில் போடும் மயில்துத்தத்தை விட்டுவிட்டுக் கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். பசையை, ஃபெவிகாலை, ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரை, எல்லாவற்றையும் அதே மஞ்சள் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

சாயந்தரம் அட்டை போட்டு முடித்தாள். புத்தகம் அவள் அழுத்த வைக்கும் பிரஸ்ஸை விட நீளம். அதனால் கல் வைத்தாள். இங்கே எல்லாரும் வீடு கட்டுகிற சாம்பல் கல்தான், ஃப்ளை ஆஷ் கல். எட்டுக் கல்லைப் பழுப்புத் தாளில் சுற்றி வருஷக்கணக்காக வைத்திருக்கிறாள். அவற்றின் விளிம்பு தேய்ந்து மழுங்கிவிட்டது. முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே விழும் பள்ளத்தை அழுத்தக் கூரான விளிம்பு வேண்டும். ஒன்பதாவதாக ஒரு புதுக் கல் கதவோரம் கிடந்தது. விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பிளாட்டிங் பேப்பரை வைத்து அந்தக் கல்லைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினாள். கனம் கச்சிதம்.

வியாழன் காலை கல்லை எடுத்தாள்.

மஞ்சள் அட்டையில், முதுகை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. பென்சில் கனம். சில இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு விரிந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒன்பது அங்குலம்.

ஸ்கேலைக் கீழே வைத்தாள். புத்தகத்தைத் திருப்பினாள். பின்அட்டை சுத்தம். பழைய எட்டுக் கல் இருந்த இடமெல்லாம் சுத்தம்.

பசையா? பசை எல்லா இடத்திலும் இருக்கிறது, சிவப்பு ஒரு இடத்தில்தான் இருக்கிறது. தைலமா? அதுவும் அப்படியே. நூல் சாயமா? நூல் வெள்ளை. யாராவது தொட்டார்களா? கொட்டகைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

ராஜ்மோகன் நைட் ஷிப்ட் முடித்து வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என்னது, புத்தகத்துக்கு ஆரத்தி எடுத்தியா?”

தமயந்தி அவரைப் பார்த்தாள்.

“என்னம்மா, சும்மா சொன்னேன்.”

“இல்ல. நல்லாத்தான் சொன்னீங்க.”

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. கல்யாண வீட்டுத் தட்டுத் தண்ணீர். இங்கே சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? அவள் ஒன்பதாவது கல்லைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோய் விரலால் தேய்த்தாள். வெள்ளைப் பொடி ஒட்டியது.

“இந்தக் கல்லுல சுண்ணாம்பு கலப்பாங்களா?”

“கலக்காம? வெறும் சாம்பல் எப்படி நிக்கும்? கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அவ்வளவுதான்,” என்றார் அவர். “அந்தக் கல்ல நான்தான் கொண்டாந்தேன், கதவு காத்துல அடிக்குதுன்னு. அதுவா பண்ணிச்சு?”

“கல்லு ஒண்ணும் பண்ணல. நான் அதுக்குத் தாள் சுத்தல.”

ஈர அட்டை, ஈர பிளாட்டிங் பேப்பர், சுற்றாத கல். சுண்ணாம்பு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. பசை, நூல், தைலம், தாள், எல்லாவற்றையும் அவள் சோதித்தாள். கல்லைச் சோதிக்கவில்லை. கல்லை ஒரு பொருளாகவே அவள் நினைக்கவில்லை. அது வெறும் கனம்.

“போய்ப் படுங்க,” என்றாள். “நான் பாத்துக்கிறேன்.”

அவர் நின்றார். “வேற துணி வாங்கி…”

“வேற துணி கிடையாது.”

“ஓரத்துல ஒரு பட்டை ஒட்டி மறச்சுட்டா?”

“மறைக்கிறதுக்கு எதுக்கு நான்?” என்றாள். அவர் படுக்கப் போனார்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் தமயந்திக்குப் படபடப்பு இருக்காது. சுண்ணாம்பு சிவப்பாக்கினால் புளிப்பு மஞ்சளாக்கும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் கோட்டிலிருந்த பொடியைத் தட்டி எடுத்தாள். பிறகு ஒரு துண்டுத் துணியை முதுகுத்தாளோடு நனைத்து, அதே கல்லில் வைத்து அழுத்திச் சிவப்பாக்கினாள். காயவிட்டு, எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஒரு சொட்டு விட்டாள்.

சிவப்பு ஓடிப்போனது. மஞ்சள் வந்தது. ஆனால் சொட்டு காய்ந்ததும் அதைச் சுற்றி ஒரு வளையம் விழுந்தது, டீ டம்ளர் வைத்த மேசை மாதிரி. துணியும் சுருங்கியது. அட்டையில் இதைச் செய்தால் ஒன்பது அங்குலச் சிவப்புக்குப் பதில் ஒன்பது அங்குலக் கறை. பள்ளத்தில் ஈரம் இறங்கினால் அட்டை ஊதும்.

புளிப்பு வேண்டும், ஈரம் கூடாது.

பஞ்சில் தொட்டு ஒற்றினாள். வளையம். தண்ணீர் கலந்து ஒற்றினாள். பெரிய வளையம். மணி பன்னிரண்டு ஆனது. அடுப்படியில் வினிகர் இருந்தது, பிள்ளைக்கு நூடுல்ஸ் செய்ய வாங்கியது. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். வினிகரைத் தொடவில்லை, நக்கவில்லை. நெடி தானாக வந்து ஏறுகிறது. மூக்குக்கு வருவது துணிக்கும் வரும்.

தாள் வைக்கிற டிரங்குப் பெட்டியைக் காலி செய்தாள். இரண்டு கிண்ணத்தில் வினிகரைச் சுடவைத்து ஊற்றினாள். மேலே அடுப்படிக் கம்பித் தட்டு. அதில் சிவந்த துண்டுத் துணியை வைத்து மூடி, மூடியைச் சுற்றி ஈரத்துணி அடைத்தாள். முக்கால் மணி கழித்துத் திறந்தாள். துண்டு மஞ்சள். வளையம் இல்லை, சுருக்கம் இல்லை.

இன்னொரு தடவை செய்து பார்த்தாள். ஒரு தடவை சரியாக வந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இரண்டாவதும் மஞ்சள்.

பிறகு உள்தாள்களை மொத்தமாகப் பாலிதீனில் சுற்றி, நெடி படாமல் ஒட்டினாள். அட்டை மட்டும் வெளியே. கம்பித் தட்டில் வைத்துப் பெட்டியை மூடினாள். மணி மூன்றரை.

நாலு மணிக்கு வாசலில் பைக் நின்றது.

“நாளைக்குத்தானே வரச் சொன்னேன்,” என்றாள்.

“ஆசுபத்திரிக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு,” என்றார் பாவாடை. வாயில் வெற்றிலை. “எங்க புஸ்தகம்?”

சுதாகர் மூக்கைச் சுளித்தான். “என்னாக்கா, ஊறுகா போடறீங்களா?”

பெட்டியைத் திறந்து காட்டாமலே இருக்கலாம். பசை காய்கிறது, நாளைக்கு வாங்க என்றால் போய்விடுவார்கள். அப்படித்தான் செய்யலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஞாயிறிலிருந்து அந்த நூற்று எழுபத்து மூன்று பேரின் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டவள் அவள். அந்த ஊரே தன்னை நம்பி உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

“உக்காருங்க,” என்றாள். “துணி சிவந்துடுச்சு. என் தப்பு. இந்தக் கல்லத் தாள் சுத்தாம வச்சேன். இப்ப பெட்டிக்குள்ள சரியாகிட்டு இருக்கு.”

பாவாடை உட்காரவில்லை.

“செவந்துட்ச்சா?”

“ஒரு கோடு.”

“காப்புக்கு மொத நாளு மஞ்சத்துணி செவந்துட்ச்சா.” அவர் சுதாகரைப் பார்த்தார். “கேட்டியாடா. ஊர்ல போயி நான் என்னான்னு சொல்லுவன்? அம்மா கோச்சிகினாங்கன்னுதான சொல்லுவாங்க?”

“பெரிப்பா, லிஸ்ட்டு இருக்குது,” என்றான் சுதாகர் மெதுவாக.

“வாய மூடு.”

“உங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க,” என்றாள் தமயந்தி.

“எதுக்கு?”

“குடுங்க.”

அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு துண்டுத் துணியை அவர் முன் விரித்தாள். அதே அண்டாத் துணி. “நீங்களே ஒரு விரல் தொட்டு வைங்க.”

அவர் தயங்கி, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, துணியில் வைத்து எடுத்தார். விரல் அளவுக்குச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடர்ந்தது.

“இப்ப அம்மா கோச்சுகிட்டாங்களா?” என்றாள்.

பாவாடை விரலைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

“டேய் சுதாகரு.”

“சொல்லுங்க பெரிப்பா.”

“போன துணியில, இந்த ஓரத்துல, ஒரு செவப்பு இருந்துச்சே.”

“ஆமா. அம்மா குங்குமம் வச்சாங்கன்னு சொல்லுவீங்க. ஆயாங்கள்லாம் தொட்டுக் கும்புட்டுகினு போவாங்க.”

“பக்கம் திருப்பற எடம் அதான்.”

“எது?”

“நான் பக்கம் திருப்பற எடம்டா. பேரு கூப்புட்டுகினே வெத்தல போடுவன்.”

சுதாகர் முதலில் புரியாமல் நின்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பன்னண்டு வருசமா உங்க வெரலயா பெரிப்பா கும்புட்டோம்?”

“சிரிடா, சிரி. வெளியில சொன்னீன்னா தெரியும்.” ஆனால் அவர் வாயோரமும் கோணியது. தமயந்தி பக்கம் திரும்பினார். “இத ஊர்ல சொல்லணுமாம்மா?”

“என் கல்லு பண்ணத உங்ககிட்ட சொல்லிட்டேன். யாரு கேட்டாலும் சொல்வேன். உங்க வெரல் பண்ணது உங்க விஷயம்.”

நாலே கால் ஆனது. அவள் எழுந்து பெட்டியைச் சுற்றியிருந்த ஈரத்துணியை எடுத்தாள். மூடியைத் தூக்கினாள். நெடி மூவர் முகத்திலும் அடித்தது. பாவாடை தும்மினார்.

கோடு இல்லை. புளியங்கொட்டைகள் இல்லை. கீழ் மூலையில் மட்டும் நகத்தளவு இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தது. தமயந்தி குனிந்து பார்த்தாள். மூடியை மறுபடி சாத்தினாள்.

“அர மணி நேரம்,” என்றாள். “டீ போடுறேன்.”

டீ குடித்தார்கள். ராஜ்மோகன் தூங்கி எழுந்து லுங்கியோடு வந்தார். அவருக்கும் சுதாகருக்கும் ஒரே சுரங்கம் என்று தெரியவந்தது. பர்மனென்ட் கான்டீனில் வடை பெரிதா, கான்ட்ராக்ட் கான்டீனில் பெரிதா என்று பேச்சு போனது. பாவாடை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி திறந்தபோது துணி ஒரே மஞ்சள். தமயந்தி அதை வெயிலில் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் பாவாடையிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டியதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“கையக் கழுவிட்டு வாங்க. சோப்பு போடாதீங்க. வெறும் தண்ணி.”

அறுபது தாண்டிய ஆள், ஊருக்கே பெயர் கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குழாயடிக்குப் போய் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

“ஊறுகாதான்,” என்றார்.

“ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழ இருக்கும். காலைல வாடை போயிடும்.”

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொன்னவர்கள் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். பாவாடை குளித்துத் திருநீறு பூசியிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை. புத்தகத்தை அவர் வாங்கிக்கொண்டு போகவில்லை. கொட்டகை நடுவில் கிடந்த ஸ்டூலின் மேல் வைத்தார்.

“இப்ப கோயில்ல மாரியே பாக்கலாம்,” என்றார்.

முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் கஷ்டம். ஒரு பக்கம் ஒற்றைத் தாள், மறுபக்கம் மொத்தக் கனம். அவர் இரண்டு கையையும் எடுத்தார்.

புத்தகம் அசையவில்லை.

“ஃபேனப் போடு,” என்றார். சுதாகர் சுவிட்சைத் தட்டினான். தாளின் மேல்முனை லேசாகச் சிலிர்த்தது. திரும்பவில்லை. நடுவில் திறந்தார். மல்லாந்து படுத்துக்கொண்டது. கடைசிப் பக்கம். முதுகுத்துணி உள்ளே எழும்பி வளைந்து கொடுத்தது, தாள் தட்டையாகக் கிடந்தது. பாவாடை குனிந்து, ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்த ஒரு பெயரை விரல் படாமல் பார்த்தார்.

“கொளஞ்சி,” என்று கூப்பிட்டார். கோயிலில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. வலது கை காற்றில் திருநீறு கொடுத்தது, இடது கை நூல் கொடுத்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தன. புத்தகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சுதாகர் தோள் பையைத் திறந்தான். ஸ்பைரல் போட்ட லிஸ்ட்டை வெளியே எடுத்தான். ஒரு பக்கம் திருப்பினான், மூடினான்.

“அக்கா, ஒரு பென்சில் குடுங்க.”

கொடுத்தாள். அவன் லிஸ்ட்டின் மேல் அட்டையில் ‘போன் நம்பர் எழுத’ என்று எழுதினான்.

“வெளியூர் போனவங்களுக்கு எல்லாம் போன் போட்டு சொல்லணும் இல்ல,” என்றான் பாவாடையிடம். “அதுக்கு இது ஆவும்.”

“அதுக்கு ஆவும்,” என்றார் பாவாடை. அவர் அவனைப் பார்க்காமல் சொன்னார், ஆனால் சொன்னார்.

தோளிலிருந்த துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். புத்தகத்தை மூடித் தலைமேல் ஏற்றினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினார்.

“ஹெல்மெட் போடலன்னா ஆர்ச் கேட்டுல போலீஸ்காரன் புடிப்பான் பெரிப்பா,” என்றான் சுதாகர்.

“நூத்தி எழுவத்து மூணு வூடு தலமேல இருக்குது. எவன் புடிக்கறான்னு பாப்போம். நீ பள்ளத்துல வுடாம ஓட்டு.”

பைக் கிளம்பியது. சுதாகர் ஹாரன் அடிக்காமல், மாட்டு வண்டி வேகத்தில், சாலையின் நட்டநடுவில் ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் வந்த ஷிப்ட் பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் பின்தொடர்ந்தது.